நீர் குறைந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்

வாசகர் கேள்வி – சிறுநீரக மருத்துவர் பதில்

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுமந்து வந்திருக்கின்றன. நேற்றுவரை எழுந்து நடமாடிக்கொண்டிருந்த ஒருவருக்குக் காய்ச்சலோ பேதியோ பாம்புக்கடியோ வந்த சில நாட்களுக்குள் "கிட்னியில் உப்பு ஏறிவிட்டது" என்று சொல்லிவிட்டார்களே, அது எப்படி வந்தது, சரியாகுமா என்பதே அந்தக் கவலை. ('உப்பு' என்று சொல்வது, சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கும் கிரியாட்டினின் போன்ற கழிவுகளை.) ஆகவே இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, திடீர் சிறுநீரகப் பாதிப்பைப் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதால் டெல்மிசார்டான், மெட்ஃபார்மின், நீர் பிரிவதற்கான ஒரு மாத்திரை ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார். சென்ற மாதம் ஒரு விசேஷ வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு மூன்று நாட்கள் வாந்தியும் பேதியுமாக இருந்தது. உடம்பெல்லாம் வலிக்கிறது என்று மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டார். நான்காம் நாள் மருத்துவமனையில் சேர்த்தபோது கிரியாட்டினின் 4.6 இருந்தது, ஆறு மாதங்களுக்கு முன் எடுத்தபோது 1.1தான். பத்து நாள் சிகிச்சைக்குப் பிறகு இப்போது 1.4 ஆகியிருக்கிறது. இது நிரந்தரச் செயலிழப்பா? நாங்கள் எங்கே தவறினோம்?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: நிரந்தரச் செயலிழப்பு என்று சொல்ல இப்போது எந்தக் காரணமும் இல்லை. 4.6 வரை போன கிரியாட்டினின் பத்து நாளில் 1.4க்கு இறங்கியிருப்பதே சிறுநீரகம் மீண்டுவருகிறது என்பதற்கு நல்ல அடையாளம். உங்கள் அப்பாவுக்கு வந்ததைத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்கிறோம். மருத்துவமனைகளில் இதையே தற்காலிகச் செயலிழப்பு என்றும் சொல்வார்கள். அந்தத் 'தற்காலிக' என்ற சொல் கேட்பவருக்கு ஆறுதலாக இருந்தாலும், இது உயிரைப் பறிக்கக்கூடிய பாதிப்பு என்பதையும், மீண்டவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத்தில் குறை தங்கிவிடுகிறது என்பதையும் அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. அதனால் நான் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை.

உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி நெறியின்படி, கிரியாட்டினின் 48 மணி நேரத்துக்குள் 0.3 மில்லிகிராம் கூடினாலோ, 7 நாட்களுக்குள் பழைய அளவைவிட ஒன்றரை மடங்கு ஆனாலோ, தொடர்ந்து 6 மணி நேரம் சிறுநீர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனாலோ அது திடீர்ப் பாதிப்பு. மூன்று மடங்கைத் தாண்டினால் மிகக் கடுமையான நிலை. உங்கள் அப்பாவுக்கு நான்கு மடங்கு. இதில் ஒன்றைக் கவனியுங்கள். 'பழைய அளவு' தெரிந்தால்தான் இந்தக் கணக்கைப் போடவே முடியும். ஆறு மாதத்துக்கு முந்தைய 1.1 என்ற சீட்டை நீங்கள் பத்திரமாக வைத்திருந்ததால்தான், இது புதிதாக வந்தது என்று மருத்துவர் உடனே முடிவுகட்டி, அதற்கேற்ற சிகிச்சையைத் தொடங்கியிருக்க முடியும். அந்தச் சீட்டு இல்லாதவர்களுக்கு நாங்கள் ஸ்கேன் எடுத்து, சிறுநீரகம் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்கிறோம். நாட்பட்ட நோயாளிகள் பலருக்கு அது சுருங்கியிருக்கும். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு நாட்பட்ட நோயிலும் சிறுநீரகம் சுருங்காமல் இருப்பதுண்டு என்பதால், ஸ்கேன் அந்தச் சீட்டுக்கு முழு ஈடாகாது.

இனி, ஏன் வந்தது என்பதைச் சொல்கிறேன். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. பேதியில் உடம்பு நீரை இழந்து ரத்த ஓட்டம் குறையும்போது, சிறுநீரகம் தன் வடிகட்டியைக் காப்பாற்றிக்கொள்ள இரண்டு காரியங்களைச் செய்கிறது: வடிகட்டிக்குள் ரத்தம் வரும் குழாயை விரித்துக்கொள்கிறது, ரத்தம் வெளியேறும் குழாயை இறுக்கிக்கொள்கிறது. வயலுக்குத் தண்ணீர் வரத்துக் குறையும்போது, வரும் மடையை அகலத் திறந்துவிட்டு, போகும் மடையைப் பாதி அடைப்பதைப் போன்றது இது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வரும் குழாயை விரியவிடாமல் தடுக்கின்றன. டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மருந்துகள் வெளியேறும் குழாயை இறுகவிடாமல் தடுக்கின்றன. நீர் பிரிவதற்கான மாத்திரை ஏற்கெனவே குறைந்துபோன நீரை மேலும் வெளியேற்றுகிறது. மூன்றும் ஒன்றுசேர்ந்த உடம்பில் பேதியும் சேர்ந்துகொண்டால் சிறுநீரகத்துக்குத் தற்காத்துக்கொள்ள ஒரு வழியும் மிஞ்சுவதில்லை.

டெல்மிசார்டான் கெட்ட மருந்து என்று இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிடக் கூடாது. சாதாரண நாட்களில் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகளில் அது முதன்மையானது. சாப்பிட முடியாமல், வாந்தியும் பேதியுமாகக் கிடக்கும் நாட்களில் மட்டும் அதையும், நீர் பிரியும் மாத்திரையையும், மெட்ஃபார்மினையும், டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மருந்துகளையும் தற்காலிகமாக நிறுத்திவைத்து, சாப்பாடும் தண்ணீரும் பழையபடி இறங்கத் தொடங்கிய ஒன்றிரண்டு நாளில் மீண்டும் தொடங்கும்படி நாங்கள் சொல்கிறோம். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் சிறுநீரகம் வேலை செய்யாதபோது அது உடம்பில் தேங்கி ரத்தத்தை அமிலமாக்கக்கூடும். இன்சுலின் போடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். இதய நோய்க்காக நீர் மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்டுவிட்டே நிறுத்த வேண்டும்.

எங்கே தவறினோம் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா, தவறு உங்களுடையது என்று நான் நினைக்கவில்லை. மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லி வந்தவர்கள் நாங்கள். பேதி நாளில் எதை விட வேண்டும் என்ற மறுபாதியைச் சொல்லாமல் விட்டவர்களும் நாங்கள்தான். உங்கள் அப்பாவின் மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது, "வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தால் இந்தச் சீட்டில் எவற்றை நிறுத்த வேண்டும்?" என்று கேட்டு, அந்த மாத்திரைகளின் பக்கத்தில் ஒரு குறியிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

கேள்வி: நான் தாலுகா மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். காய்ச்சலுக்கோ புண்ணுக்கோ சேர்ந்த நோயாளி இரண்டு மூன்று நாட்களில் சிறுநீரகம் பாதித்து மேல் மருத்துவமனைக்குப் போவதைப் பார்க்கும்போது, முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா என்ற எண்ணம் வருகிறது. வார்டில் இருக்கும் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? நீர் பிரியவைக்கும் லாசிக்ஸ் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்களே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் எண்ணம் சரியானது. முன்பே கண்டுபிடிக்க முடியும். அதைச் செய்யக்கூடியவர்களில் முதல் ஆள் நீங்கள்தான். சிறுநீரகம் வலித்து அழைக்கும் உறுப்பல்ல என்பதால் நோயாளியின் முறையீட்டை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கிரியாட்டினினை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. சிறுநீரகங்கள் இரண்டும் முழுவதுமாக நின்றுபோனால்கூட அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மில்லிகிராம்தான் ஏறும். அதாவது காலையில் 1.2 என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நாம் நிம்மதியாக இருக்கும் அதே நேரத்தில் சிறுநீரகம் நின்றுபோயிருக்கலாம். தசை வற்றிய முதியவர்களுக்கும் சவலை நோயாளிகளுக்கும் கிரியாட்டினின் இயல்பாகவே 0.5, 0.6 என்று குறைவாக இருப்பதால், அவர்களுக்கு 1.1 என்று வந்தாலே அது இரு மடங்கு. சீட்டில் மட்டும் 'நார்மல்' என்று அச்சாகியிருக்கும்.

ரத்தப் பரிசோதனை பின்தங்கும் அந்த நேரத்தில் முதலில் சொல்வது சிறுநீரின் அளவு. கணக்கு எளியது. எடையில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி. 6 மணி நேரத்தில் 180 மில்லிக்குக் குறைவாக வந்திருந்தால் அது எச்சரிக்கை, பாதிப்பின் முதல் நிலை. 12 மணி நேரம் அதே நிலை நீடித்தால் இரண்டாம் நிலை. 24 மணி நேரம் மணிக்கு 18 மில்லிக்கும் கீழே போனாலோ, 12 மணி நேரம் ஒரு சொட்டும் வராவிட்டாலோ மூன்றாம் நிலை. இந்த அளவுகளை நோயாளியின் அட்டையில் சேர்க்கும்போதே எழுதி வைத்துவிடலாம். பல வார்டுகளில் நடப்பது என்னவென்றால், அதிகாலையில் யூரின் பையைக் காலி செய்பவர் ஒருவர், அளவை எழுத வேண்டியவர் இன்னொருவர். இடையில் அளவு காணாமல் போய்விடுகிறது. பையைக் காலி செய்யும் கையே எழுதவும் வேண்டும் என்று ஓர் ஒழுங்கு வந்தால் போதும், பல நோயாளிகளை ஒரு நாள் முன்னதாகக் கண்டுபிடித்துவிடுவோம்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில், எலிக்காய்ச்சலோடு சேர்ந்திருந்த விவசாயி ஒருவரின் மனைவி இதை எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அரிந்துவிட்டு, டம்ளரால் அளந்து அளந்து ஊற்றி, பால்பாயிண்ட் பேனாவால் அதில் கோடுகள் போட்டு வைத்திருந்தார். கணவர் ஒவ்வொரு முறை நீர் கழித்த பிறகும், கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நேரத்தையும் கோட்டையும் குறித்துவந்தார். மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தாளை நீட்டி, "மத்தியானத்துலேர்ந்து ஒரு கோடுகூட வரலீங்க" என்றார். எங்கள் கேஸ் ஷீட்டில் அந்த இடம் காலியாக இருந்தது. அன்றிரவே ரத்தம் எடுத்துப் பார்த்தோம். அவர் அளந்திராவிட்டால் மறுநாள் பத்து மணி ரவுண்ட்ஸ் வரைக்கும் நாங்கள் தெரிந்துகொண்டிருக்க மாட்டோம்.

நீர் குறைந்திருக்கிறது என்று தெரிந்தவுடன் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். டியூப் போட்டிருந்தால் அது அடைத்திருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டியூப் இல்லாவிட்டால் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மூத்திரப்பை நிறைந்து மேடிட்டிருக்கலாம். நாக்கு உலர்ந்திருக்கிறதா, நாடி வேகமாக ஓடுகிறதா, ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்து உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் இறங்கியவருக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக்கும், முதல் மூன்று மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 30 மில்லி அளவில் திரவமும் கொடுப்பது இன்றைய நெறி. ஆனால் நீர் வரவில்லை என்பதற்காகவே பாட்டில் பாட்டிலாக ஏற்றிக்கொண்டே போவது இன்னொரு ஆபத்து. திரவம் கொடுத்தும் நீர் வராமல், மூச்சு வாங்கத் தொடங்கி, நெஞ்சின் அடிப்பகுதியில் நீர்ச்சத்தம் கேட்டால் அந்த நேரமே நிறுத்த வேண்டும். நுரையீரலில் நீர் கோத்து இறந்தவர்களும் இருக்கிறார்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்ப்பது, ஏற்றியது எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதைக் கணக்குப் புத்தகம் போலக் காட்டிவிடும்.

மருந்துச் சீட்டையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். வலி ஊசி ஓடுகிறதா, ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாடிக் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கிறதா, ரத்த அழுத்த மாத்திரை நிறுத்தாமல் தொடர்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இதை மருத்துவரே பார்த்திருப்பார் என்று இருந்துவிட வேண்டாம்.

லாசிக்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது சிறுநீரின் அளவைக் கூட்டலாம். பாதிக்கப்பட்ட சிறுநீரகத்தைக் குணப்படுத்துவதில்லை. உடம்பில் நீர் கோத்தவருக்கு அதற்கு இடமுண்டு. நீர் வற்றிப்போய்க் கிடப்பவருக்கு அதைப் போட்டால், பை நிறைவதைப் பார்த்து நாம் திருப்திப்படும் வேளையில் பாதிப்பு ஆழமாகிறது. முன்பு சிறுநீரகத்துக்காக என்று சொல்லிக் குறைந்த அளவில் டோபமைன் என்ற ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தை ஏற்றும் வழக்கமும் இருந்தது. அதனால் பயனில்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே ஆய்வில் தெளிவாகிவிட்டது.

கடைசியாகப் பொட்டாசியம். சிறுநீரகம் நின்றால் இந்த உப்பு ரத்தத்தில் ஏறிவிடும். இந்த நோயில் சில நிமிடங்களில் உயிரை எடுக்கக்கூடியது அதுதான். கைகால் தளர்ச்சி, நாடி மெதுவாவது, இ.சி.ஜி.யில் டி அலை கூடாரம் போலக் கூர்ந்து எழும்புவது ஆகியவை தெரிந்தால் ரத்த முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. 10 மில்லி கால்சியம் குளுக்கோனேட் ஊசியை மருத்துவர் மெதுவாக நரம்பில் போடச் சொல்வார். அது பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை, இதயத்தைச் சிறிது நேரம் காக்கிறது. அந்த இடைவெளியில் குளுக்கோஸோடு இன்சுலினும், சால்பியூட்டமால் புகையும் கொடுத்துப் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளிவிட்டு, மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இதே நேரத்தில் உறவினர்கள் அன்போடு வாங்கிவரும் இளநீரும் சாத்துக்குடிச் சாறும் பொட்டாசியம் நிறைந்தவை என்பதை அவர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

எலிக்காய்ச்சல் பற்றி ஒன்றைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அதில் சிறுநீரகம் பாதிக்கும்போது நீர் நன்றாகவே போய்க்கொண்டிருப்பதும், பொட்டாசியம் குறைவாக இருப்பதும் உண்டு. ஆகவே சேற்றிலும் வெள்ளத்திலும் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு கண் சிவந்து, கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கிறது என்றால், நீர் போகிறது என்பதைப் பார்த்து நிம்மதி அடையாமல் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் தெரியாத காய்ச்சலில் துணியை விலக்கி அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பக்கம் எல்லாம் பாருங்கள். பீடி சுட்ட இடம் போலக் கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால் அது உண்ணிக்காய்ச்சல். சரியான மாத்திரை அன்றே தொடங்கினால் சிறுநீரகமும் தப்பும்.

கேள்வி: எங்கள் ஊரில் வயலில் பாம்பு கடித்த ஒருவருக்குக் காலில்தான் வீக்கம் இருந்தது. கயிற்றால் இறுகக் கட்டி, வைத்தியரிடம் காட்டி, மறுநாள்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். இப்போது டயாலிசிஸ் நடக்கிறது. காலில் கடித்த பாம்பு கிட்னியை எப்படிக் கெடுத்தது?
– வாசகர், செஞ்சி வட்டம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது கண்ணாடி விரியனாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அதன் நஞ்சு ரத்தத்தின் உறைசக்தியைத் தின்றுவிடுகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் சிறுசிறு உறைகட்டிகள் உண்டாகி, உறைவதற்கான பொருள்கள் எல்லாம் அங்கேயே செலவாகிவிட, மற்ற இடங்களில் ரத்தம் உறையாமல் கசிகிறது. ஈறில் ரத்தம், சிறுநீரில் ரத்தம், கடிவாயில் நிற்காத கசிவு ஆகியவை அதன் அடையாளங்கள். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் அடைபடுவதாலும், ரத்த அழுத்தம் விழுவதாலும், நஞ்சே நேரடியாகச் சிறுநீரகச் செல்களைத் தாக்குவதாலும் நீர் நின்றுபோகிறது. சிலருக்குச் சிறுநீரகத்தின் வெளிப்பகுதி முழுவதுமே செத்துப்போய் மீளாமல் போவதும் உண்டு.

இதற்கு மருந்து நஞ்சுமுறிவு ஊசி ஒன்றுதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்தாக அது கிடைக்கிறது. அதைத் தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பங்கு, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது என்பதை நம் ஊர்க்காரர்கள் பெருமையோடு தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்த மக்கள் பாம்பைப் பிடித்து நஞ்செடுத்துக் கொடுத்த மருந்து மருத்துவமனையில் இருக்கும்போது, கடிபட்டவர் வேறெங்கோ நேரத்தைத் தொலைத்துவிட்டு வருவதைப் பார்ப்பது வேதனையாக இருக்கிறது.

மருத்துவமனையில் முதலில் செய்யும் சோதனைக்கு இயந்திரம்கூட வேண்டாம். சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறையாமல் தண்ணீர் போல ஓடினால் விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது. உடனே நஞ்சுமுறிவு மருந்து தொடங்கப்படும். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கட்டிய கயிறு காலையும் கெடுக்கும். கடிபட்ட காலை அசைக்காமல் பலகையோ குச்சியோ வைத்துத் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல், 108ஐ அழையுங்கள். வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக் கொடுக்க வேண்டாம், பாரசிட்டமால் போதும். அன்று முதல் ஒரு வாரத்துக்கு அவரது சிறுநீரை அளந்து எழுதுவதும், நிறம் பார்ப்பதும் வீட்டாரின் பொறுப்பு.

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. இருமல் மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது என்ற செய்தியைப் படித்ததிலிருந்து எந்த மருந்தையும் கொடுக்கப் பயமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2022இல் காம்பியா நாட்டில் ஏறத்தாழ 70 குழந்தைகளும், 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகளும் அப்படி இறந்தார்கள். சிந்த்வாராவில் கொடுக்கப்பட்ட மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்டது என்பது நமக்கெல்லாம் ஆறாத வலி. இரண்டு இடங்களிலும் மருந்தில் கலந்திருந்தது டைஎத்திலீன் கிளைகால் என்ற தொழிற்சாலை இரசாயனம். மருந்தைக் கரைக்கப் பயன்படுத்தும் திரவத்தைச் சோதிக்காமல் வாங்கும்போது இது உள்ளே நுழைகிறது. உடம்பில் சிதைந்து சிறுநீரகக் குழல்களைச் சாகடிக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது இது. சாதாரணச் சளி இருமலுக்குச் சிறு குழந்தைகளுக்கு இருமல் மருந்து தேவைப்படுவதே அரிது. இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்பது மத்திய அரசின் சுகாதாரத் துறை 2025இல் சொன்ன அறிவுரை. வெதுவெதுப்பான தண்ணீரும் தாயின் பொறுமையும் பெரும்பாலும் போதுமானவை. எந்த மருந்து கொடுத்த பிறகும் குழந்தை வாந்தி எடுத்து, சோர்ந்து, 6 முதல் 8 மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்தால் அந்த மருந்துப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அடுத்த வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றப்போவது அதுவாக இருக்கலாம்.

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. சளிக்கு மாத்திரை போட்ட மறுநாள் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னோம், வலிதான் கூடியது.
– வாசகி, காரைக்குடி

பதில்: தண்ணீரை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். இனி அப்படிச் செய்யுங்கள். மூத்திரப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கும் முதியவர்களுக்குச் சளி மாத்திரைகளில் உள்ள சில மருந்துகள் சிறுநீர்ப் பாதையை அடைத்துவிடும். உள்ளே நீர் உற்பத்தியாகிறது, வெளியே வர வழியில்லை. அது பின்னோக்கி அழுத்திச் சிறுநீரகங்களை வீங்க வைக்கிறது. ஒரு டியூப் போட்டால் லிட்டர் கணக்கில் வடிந்து, ஏறியிருந்த உப்பு சில நாளில் இறங்கிவிடும். திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பிலேயே இவ்வளவு எளிதாகத் தீர்வது வேறெதுவும் இல்லை. டியூப் போட்ட பின் சிலருக்கு வெள்ளம் போல நீர் போகும் என்பதால், ஓரிரு நாள் மருத்துவமனையில் இருந்து உப்புகளைச் சரிபார்த்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

கேள்வி: என் தம்பிக்கு டெங்கு காய்ச்சலுக்குப் பிறகு சிறுநீரகம் பாதித்து, டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஒரு முறை டயாலிசிஸ் செய்தால் ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். கிரியாட்டினின் 7 இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், திருவாரூர்

பதில்: தம்பிக்கு இந்தக் கடிதத்தின் பதில் அச்சாகும்வரை காத்திருக்க நேரமில்லை என்பதால் உங்களுக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

டயாலிசிஸ் பழக்கமாகிவிடும் என்ற பேச்சு நாட்பட்ட நோயாளிகளைப் பார்த்து உண்டானது. அவர்களுக்குச் சிறுநீரகம் திரும்பாது. அதனால் தொடர்ந்து செய்கிறார்கள். திடீர்ப் பாதிப்பில் டயாலிசிஸ் என்பது சிறுநீரகம் ஓய்ந்து மீளும்வரை அதன் வேலையை வேறொன்று பார்ப்பது. இந்த இயந்திரத்தின் வரலாறே திடீர்ப் பாதிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது நெதர்லாந்தின் கம்பென் நகரில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர், சாசேஜ் எனப்படும் இறைச்சிக் குழல்களுக்குப் பயன்படும் செலோஃபேன் உறையை உருளையில் சுற்றி 1943இல் முதல் இயந்திரத்தைச் செய்தார். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945இல் நினைவிழந்து வந்த 67 வயதுப் பெண்மணி ஒருவருக்குப் பதினொரு மணி நேரம் டயாலிசிஸ் செய்தபோது நினைவு திரும்பியது. அவரது சிறுநீரகங்கள் மீண்டன. அதன் பின் பல ஆண்டுகள் வாழ்ந்து வேறு நோயால்தான் இறந்தார்.

எப்போது செய்வது என்பதை 7 என்ற எண் முடிவு செய்வதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத பொட்டாசியம், ரத்தத்தில் அதிகமாகிவிட்ட அமிலம், நுரையீரலில் கோத்த நீர், நச்சுக்கழிவு ஏறியதால் வரும் மயக்கமும் குழப்பமும் – இவற்றில் ஒன்று இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. எதுவும் இல்லாதபோது அவசரப்பட்டுத் தொடங்குவதால் உயிர் பிழைப்பது கூடவில்லை என்று 15 நாடுகளில் ஏறத்தாழ 3,000 நோயாளிகளிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே மருத்துவரிடம் "எந்தக் காரணத்துக்காக இன்று செய்கிறீர்கள்?" என்று கேட்பது உங்கள் உரிமை. காரணத்தைச் சொன்ன பிறகு கையெழுத்துப் போடத் தயங்க வேண்டாம். பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று வாரங்களில் நீர் திரும்பத் தொடங்கும். சிலருக்கு ஆறு வாரம்வரை ஆகலாம். செலவைப் பற்றிய கவலை இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும். குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி: எனக்குச் சென்ற ஆண்டு சிறுநீரகம் பாதித்துச் சரியாகிவிட்டது. டிஸ்சார்ஜ் ஆனபின் எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. செய்ய வேண்டுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: இந்த வாரமே செய்யுங்கள். பாதிப்பு ஏற்பட்டு மூன்று மாதம் ஆனதும் ஒரு முறை கட்டாயம் பார்த்திருக்க வேண்டும்; அப்போது பழைய நிலைக்குத் திரும்பாத சிறுநீரகத்தை நாட்பட்ட நோயாகக் கருதிச் சிகிச்சையை மாற்றுவோம். தேவைப்படுவது மூன்றே: ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற பரிசோதனை, ரத்த அழுத்தம். மூன்றும் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை தொடருங்கள். ஒரு முறை அடிபட்ட சிறுநீரகம் அடுத்த பேதிக்கும் அடுத்த காய்ச்சலுக்கும் மற்றவர்களைவிட எளிதாக விழும்.

மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிராத பஸ்பம், சூரணங்களும் உங்களுக்கு இனி வேண்டாம். ஸ்கேனுக்காக மருந்து ஏற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏற்றுவதற்கு முன்பே இந்த வரலாற்றைச் சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை ஒளிநகல் எடுத்து, அன்றைய உச்ச கிரியாட்டினினையும் இப்போதைய அளவையும் தேதியோடு அதன் மேலேயே எழுதி, ஆதார் அட்டையோடு சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே பேச முடியாத நிலையில் ஏதாவது ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டால், அங்கிருக்கும் மருத்துவர் முதலில் தேடுவது அந்த இரண்டு எண்களைத்தான்.